'ஏஐ கதை அனுப்பி டாலர் சம்பாதிங்க'ன்னு வீடியோ போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏஐல கதை எழுதி வெளிநாட்டு சயின்ஸ் ஃபிக்ஷன் பத்திரிகைக்கு அனுப்புங்க, வீட்ல உக்காந்தே டாலர்ல சம்பாதிங்கன்னு தமிழ்ல வீடியோ போடுறவங்க, அதையே 499 ரூபாய்க்கு கோர்ஸா விக்கிறவங்க, அதையே முப்பது செகண்ட் ரீல்ஸா வெட்டிப் போடுறவங்க, எல்லாருக்கும் சேத்துத்தான் இத எழுதுறேன். யார் பேரையும் சொல்லப் போறதில்ல, யாருன்னு உங்களுக்கே தெரியும். உங்க வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ல மரியாதையாத்தான் கேட்டேன். ஒரு இடத்துல டெலீட் பண்ணிட்டீங்க, இன்னொரு இடத்துல ஒரு ஹார்ட் போட்டுட்டு பதில் சொல்லாம போயிட்டீங்க. அந்த ஹார்ட் எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

நான் யாருன்னு சொல்லிடறேன். மதுரையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். பகல் பூரா ஜிஎஸ்டி, வவுச்சர், பேங்க் ஸ்டேட்மென்ட். ராத்திரி சாப்பிட்டு பாத்திரம் கழுவி வெச்சப்புறம் லேப்டாப்ப திறந்தா, ஒரு சின்ன வெளிநாட்டு ஆன்லைன் பத்திரிகைக்கு ஃபர்ஸ்ட் ரீடரா உக்காருவேன். சயின்ஸ் ஃபிக்ஷனும் ஃபேன்டஸியும் மட்டும் போடுற பத்திரிகை. சம்பளம் கிடையாது, எங்க எடிட்டருக்கே கிடையாது, வாசகர்கள் குடுக்குற நன்கொடையெல்லாம் எழுதுறவங்களுக்கும் படம் வரையுறவங்களுக்கும்தான் போகுது. யார் வேணும்னாலும் கதை அனுப்பலாம்னு கதவு திறந்து வெச்சிருக்கிற பத்திரிகைக்கு வந்து குவியுற கதைக் குவியலுக்கு ஸ்லஷ்னு பேரு. அதுல ஒவ்வொண்ணையும் முதல்ல படிச்சு, இது எடிட்டர் பாக்க வேண்டியது, இது வேணாம்னு பிரிக்கிறதுதான் என் வேலை. தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு எதுக்கு இந்த வேலைன்னு வீட்ல கேப்பாங்க. ஸ்லஷ்ல நூறு சுமாரான கதைக்கு நடுவுல யாருமே கேள்விப்படாத ஒருத்தர் எழுதின ஒரு கதை வந்து நம்மள நிமிந்து உக்கார வைக்கும், அத உலகத்துலயே முதல்ல படிக்கிற ஆள் நாமதான். அந்த போதைக்குத்தான்.

இப்ப எதுக்கு எழுதுறேன்னா, போன தடவ நாங்க கதை வாங்க கதவ திறந்தப்போ வந்த குவியல்ல பாதிக்கு மேல மெஷின் கதை. அது முடிஞ்சதும் எடிட்டர்கிட்டருந்து எங்க எல்லாருக்கும் ஒரு மெயில் வந்துச்சு. இனி திறந்த கதவு வேணாம், தெரிஞ்சவங்ககிட்ட மட்டும் கதை கேட்டு வாங்கலாமா, இல்லன்னா ஸ்பாம் அதிகமா வர்ற சில நாடுகள மட்டும் தடுத்து வெக்கலாமா, உங்க அபிப்பிராயம் சொல்லுங்கன்னு. அந்த நாடுகள் லிஸ்ட்ல இந்தியா இருக்கு. அந்த லிஸ்ட்ட எனக்கு அனுப்புறோமேன்னு சங்கடப்பட்டு அவங்க தனியா ரெண்டு வரி எழுதியிருந்தாங்க. நான் வேணாம்னு ஓட்டு போட்டேன், இந்தத் தடவ என் பக்கம் ஜெயிச்சிருச்சு, அடுத்த தடவ ஜெயிக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. அதனாலதான் உங்ககிட்ட நேரா பேசுறேன்.

இது எங்க பத்திரிகைக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்ல, உங்க வீடியோல முதல் பேரா வர்ற கிளார்க்ஸ்வேர்ல்டையே எடுத்துக்குவோம். 2006ல நீல் கிளார்க் ஆரம்பிச்ச அமெரிக்க மாதப் பத்திரிகை, ஆன்லைன்ல யார் வேணா காசு குடுக்காம படிக்கலாம், சயின்ஸ் ஃபிக்ஷன் உலகத்தோட பெரிய விருதான ஹ்யூகோவெல்லாம் வாங்கினது. 2022 நவம்பர் கடைசியில சாட்ஜிபிடி வந்துச்சு. 2023 பிப்ரவரில அவங்களுக்கு மனுஷங்க எழுதின கதை ஒரு எழுநூறு வந்தா, மெஷின் கதை ஐநூறு வந்துச்சு. பிப்ரவரி 20ஆம் தேதி காலையில மட்டும் ஐம்பது கிட்ட வரவும், இதுக்கு மேல முடியாதுன்னு கதை வாங்குறதையே நிறுத்திட்டாங்க. அடுத்த மாசம் திரும்ப திறந்தாங்க, ஆனா சும்மா திறக்கல, கிளார்க் தானே உக்காந்து எழுதின சாஃப்ட்வேர்ல வடிகட்டுறதுக்கு என்னென்னமோ சேக்க வேண்டி வந்துச்சு. அப்ப அவர் திரும்பத் திரும்ப சொன்னது என்ன தெரியுமா, இத அனுப்புறவங்கள்ல பெரும்பாலானவங்க சயின்ஸ் ஃபிக்ஷன் படிக்கிறவங்களே கிடையாது, ஈசியா காசு பாக்கலாம்னு சொல்ற சைடு பிசினஸ் வீடியோக்களப் பாத்துட்டு வர்றவங்கன்னு. அதாவது உங்களத்தான். அவர் சொன்னது இங்கிலீஷ்ல போடுறவங்கள மனசுல வெச்சு, நீங்க அத தமிழுக்குக் கொண்டு வந்திருக்கீங்க.

அசிமோவ்ஸ்னு இன்னொரு பழைய அமெரிக்க சயின்ஸ் ஃபிக்ஷன் பத்திரிகை இருக்கு, அதுக்கும் இதே கதிதான். அதோட எடிட்டர் ஷீலா வில்லியம்ஸ் சொன்னாங்க, வந்த மெஷின் கதைகள்ல நிறைய கதைக்கு ஒரே தலைப்பாம், கடைசி நம்பிக்கைன்னு. வெவ்வேற ஆளு, வெவ்வேற ஊரு, தலைப்பு மட்டும் ஒண்ணு. எங்க குவியல்லயும் அதே தலைப்புல வந்துருக்கு. அதே 2023 செப்டம்பர்ல அமேசான் கிண்டில் வழியா போற பத்திரிகைச் சந்தாவையும் நிறுத்திருச்சு, பல பத்திரிகைக்கு மாசச் சந்தால பெரும்பகுதி அதுலருந்துதான் வந்துக்கிட்டிருந்துச்சு. ஒரு பக்கம் வருமானம் போகுது, இன்னொரு பக்கம் குப்பை வந்து குவியுது.

இப்ப உங்க கணக்குக்கு வர்றேன், கணக்கு என் தொழிலு. வார்த்தைக்கு 12 சென்ட், ஆயிரம் வார்த்தைக்கு 120 டாலர், நம்ம காசுக்கு பத்தாயிரம் ரூபா, ஒரு நாளைக்கு அஞ்சு கதை அனுப்புனா அம்பதாயிரம்னு போர்டுல எழுதிக் காட்டுறீங்க. அனுப்புறது எல்லாம் விக்கும்னு யார் சொன்னா? கிளார்க்ஸ்வேர்ல்டுக்கு மாசத்துக்கு ஆயிரத்துக்கு மேல கதை வருது, இதழ்ல வர்றது ஏழெட்டு, அதுலயும் ஒண்ணு ரெண்டு சீனம், கொரியன்லருந்து வர்ற மொழிபெயர்ப்பு. நூத்துக்கு ஒண்ணு கூட தேறாது. அதுவும் வருஷக்கணக்கா எழுதிப் பழகினவங்களுக்கே அந்த நிலைமை. எந்த ஆடிட்டராவது இந்தக் கணக்குல கையெழுத்து போடுவாரா? இந்த முழு ஏற்பாட்டுலயும் நிச்சயமா வர்ற வருமானம் ஒண்ணே ஒண்ணு, அது உங்க 499.

உங்க கமெண்ட் பக்கத்த நீங்களே நிதானமா படிச்சுப் பாருங்க. அண்ணா பதினஞ்சு கதை அனுப்பினேன் ஒண்ணுக்கும் பதில் இல்லன்னு ஒருத்தர், பேன் பண்ணிட்டோம்னு மெயில் வந்திருக்கு அப்படின்னா என்ன அர்த்தம்னு ஒருத்தர், குழந்தைய ஸ்கூல்ல விட்டுட்டு வந்து அனுப்புறேன் சார், பேமெண்ட் எப்ப வரும்னு ஒரு அம்மா. அதுக்கு நீங்க போட்ட பதில், புது மெயில் ஐடி போட்டு, வேற பேர்ல, எந்த நாட்டுலருந்து அனுப்புறோம்னு மறைக்கிற விபிஎன்ன ஆன் பண்ணிட்டு அனுப்புங்கன்னு. இத விட கேவலமான யோசனை இருக்க முடியாது, ஏன்னு கீழ சொல்றேன்.

அதுக்கு முன்னாடி இந்தக் கதவு யாருக்காகத் திறந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும். உங்கள்ல பலபேருக்கு தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சுக்கணும்னு தோணியிருக்கவும் செய்யாது. ஒரு காலத்துல அமெரிக்கப் பத்திரிகைக்கு நம்ம ஊர்லருந்து கதை அனுப்பணும்னா டைப் அடிச்ச தாள ஏர்மெயில்ல அனுப்பணும், அவங்க பதில் போடுறதுக்கு தபால் செலவுக்கு போஸ்ட் ஆபீஸ்ல சர்வதேச பதில் கூப்பன் வாங்கி உள்ள வெக்கணும். அந்தக் கூப்பன கேட்டா கவுன்ட்டர்ல இருக்கிறவரே அப்படி ஒண்ணு இருக்கான்னு கேப்பாரு. ஒரு கதைக்கு ஆகுற செலவு ஒரு வார காய்கறிச் செலவு. பதில் வர மாசக்கணக்கு, வராமலும் போகலாம். ஆன்லைன் பத்திரிகைங்க வந்துதான் இத உடைச்சுச்சு, ஒரு மெயில் ஐடி இருந்தா போதும், சிகாகோலருந்து அனுப்புனாலும் சிவகாசிலருந்து அனுப்புனாலும் ஒரே வரிசை.

அப்படி முதல்ல வந்ததுல ஒண்ணு ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ். 2000ல அத ஆரம்பிச்சது யாரு தெரியுமா, மேரி ஆன் மோகன்ராஜ், கொழும்புல பிறந்து சின்ன வயசுலயே அமெரிக்காவுக்குப் போன தமிழ்ப் பொண்ணு. இன்னைக்கு வரைக்கும் அது முழுக்க வாலண்டியர்ங்க நடத்துற பத்திரிகை, வாராவாரம் வருது, மொழிபெயர்ப்புக்குன்னே 2017லருந்து சமோவார்னு தனியா ஒரு இதழ் போடுறாங்க, 2024ல ஹ்யூகோ வாங்கினாங்க. டெல்லி வக்கீல் கௌதம் பாட்டியா அங்க ஒருங்கிணைப்பு ஆசிரியரா இருந்திருக்காரு. கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர அங்க கதைப் பகுதி எடிட்டரா இருந்தவரு, இந்த மாதிரி ஆன்லைன் பத்திரிகைகள்லதான் வருஷக்கணக்கா சிறுகதை எழுதிக்கிட்டிருந்தாரு, அப்புறம் அவரோட முதல் நாவலுக்கு 2024ல, அமெரிக்க சயின்ஸ் ஃபிக்ஷன் எழுத்தாளர் சங்கம் குடுக்குற நெபுலா விருது கிடைச்சுச்சு. கதைய ஆடியோவா போடுற எஸ்கேப் பாட் பத்திரிகைக்கு பல வருஷம் இணை ஆசிரியரா இருந்த எஸ்.பி. திவ்யா பிறந்தது நம்ம பாண்டிச்சேரில. இவங்க யாரும் சிபாரிசுல வந்தவங்க இல்ல. நம்ம பக்கத்து ஆளுங்க கட்டுன, நம்ம பக்கத்து ஆளுங்க நுழைஞ்ச வாசல் இது. நீங்க குப்பை கொட்டுறது யாரோ வெள்ளைக்காரன் வீட்டு வாசல்லன்னு நினைச்சுக்கிட்டு கொட்டுறீங்க.

நீங்க அனுப்பச் சொல்ற கதை எங்க கைக்கு எப்படி வந்து சேருதுன்னு பாத்திருக்கீங்களா? கதையோட வைக்கிற கவர் லெட்டர்ல 'இங்கே உங்கள் பெயரை எழுதவும்'னு மெஷின் விட்டு வெச்ச கட்டம் அப்படியே இருக்கும். சில கதைக்கு முதல் வரியே 'கண்டிப்பா, நீங்க கேட்டபடி ஆயிரம் வார்த்தைல ஒரு அறிவியல் கதை இதோ'. அத அழிக்கிற சிரமம் கூட படல. அடுத்தது எலாரா. கதாநாயகி பேரு எலாரா. கேப்டன் எலாரா, டாக்டர் எலாரா, கடைசி மனுஷி எலாரா. ஒரே ராத்திரில வெவ்வேற பேர்ல வந்த கதைகள்ல எலாரா பூமியக் காப்பாத்துறா, செவ்வாயில செடி வளக்குறா, ஒரு பழைய ரோபோவுக்கு அன்புன்னா என்னன்னு சொல்லித் தர்றா, எல்லாத்துலயும் கடைசில சூரிய உதயத்தப் பாத்துக்கிட்டு நிம்மதியா மூச்சு விடுறா. தப்பான கதைன்னு சொல்ல முடியாது, எழுத்துப்பிழை கிடையாது, இலக்கணம் சுத்தம், ஆனா ஒரு வரில கூட ஆள் இல்ல. மோசமா எழுதுற மனுஷன் கதைய நான் பத்து வரில கண்டுபிடிச்சுருவேன். இதுல மூணு பக்கம் போனாத்தான் உள்ள ஒண்ணுமே இல்லன்னு தெரியும், அதுக்குள்ள என் பதினஞ்சு நிமிஷம் போச்சு. அந்தப் பதினஞ்சு நிமிஷம் நைஜீரியாலருந்தோ நாகர்கோவில்லருந்தோ உண்மையா எழுதி அனுப்பினவங்களுக்கு சேர வேண்டியது.

ஒண்ணே ஒண்ணு மட்டும் விவரமா சொல்றேன், என்னால மறக்க முடியல. வேதாரண்யம் பக்கத்துலருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தாரு. கதை வழக்கமான எலாராதான், விண்வெளிக் கப்பல், கேப்டன், தியாகம். ஆனா கவர் லெட்டர மட்டும் மெஷின்கிட்ட குடுக்காம தானே எழுதிட்டாரு போல, உடைஞ்ச இங்கிலீஷ், காற்புள்ளி முற்றுப்புள்ளி ஒண்ணும் இல்ல. அப்பா உப்பளத்துல வேலை பாக்குறாரு, நாள் பூரா வெள்ளையவே பாத்து கண்ணு கூசி கூசி, ராத்திரி கண்ண மூடினா கலர் கலராத்தான் கனவு வருதுன்னு சொல்வாரு, மழை மாசத்துல பாத்தில வேலை கிடையாது அப்ப கனவும் கறுப்பு வெள்ளையா மாறிரும்னு சொல்வாரு, நான் காலேஜ் செகண்ட் இயர் தயவு செஞ்சு என் கதைய பரிசீலிக்கவும். அவ்வளவுதான். வேலை இல்லாத மாசத்துல கனவுக்கு கலர் போயிருது. இத விட நல்ல ஃபேன்டஸி கதைக்கான விதைய அந்த வருஷம் பூரா ஸ்லஷ்ல நான் பாக்கல, அது கவர் லெட்டர்ல கிடக்குது, கீழ அட்டாச்மென்ட்ல கேப்டன் எலாரா நிக்கிறா.

எங்க விதிப்படி மெஷின் கதைக்கு தனியா பதில் எழுதக் கூடாது, பொதுவான ரிஜெக்ஷன் மெயில் போகும், அனுப்புன ஐடி தடைப் பட்டியலுக்குப் போகும். அந்தத் தம்பி ஐடியும் போச்சு. நாளைக்கு அவரு அந்த உப்பளக் கதைய தானே உக்காந்து எழுதி அனுப்புனா எங்க பத்திரிகைல ஒருத்தரும் அத பாக்கவே மாட்டாங்க. அவர்கிட்ட இருந்தத விட்டுட்டு இல்லாதத அனுப்ப வெச்சது யாரு? உங்க வீடியோதான், அவரே கவர் லெட்டர்ல உங்க சேனல் பேரச் சொல்லி, இதுல பாத்து அனுப்புறேன்னு எழுதியிருந்தாரு, பாவம்.

விபிஎன் விஷயத்துக்கு வர்றேன். பேன் ஆனவங்கள புது ஐடில, வேற பேர்ல, வேற நாட்டுலருந்து வர்ற மாதிரி காட்டி அனுப்ப சொல்றீங்கல்ல, அத சமாளிக்க பத்திரிகைக்காரங்க என்ன செய்வாங்கன்னு யோசிச்சீங்களா? ஒரு வழி, கதை அனுப்ப கட்டணம் வைக்கிறது. டாலர்ல மூணோ அஞ்சோ வெச்சாலே நம்ம ஊரு ஸ்டூடண்ட்ஸ் பாதிப்பேர் அதோட நின்னுருவாங்க. இன்னொரு வழி, பழையபடி தாள்ல வாங்குறது. இல்லன்னா ஏற்கனவே பேர் வாங்கினவங்ககிட்ட மட்டும் கேட்டு வாங்குறது, இல்லன்னா நாடு பாத்துத் தடுக்குறது. எந்த வழிய எடுத்தாலும் அடி விழுறது புதுசா எழுதுறவங்களுக்கும் வெளிநாட்டுலருந்து எழுதுறவங்களுக்கும்தான், நீல் கிளார்க்கே அன்னைக்கு கவலைப்பட்டது இதுக்குத்தான், அதனாலதான் கட்டணம் வைக்க மாட்டேன்னு அவர் நின்னாரு. எல்லாரும் அப்படி நிப்பாங்களா? எங்க பத்திரிகைல இப்பவே கதைகளோட எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வெச்சாச்சு. அமெரிக்கக் கிழக்குக்கரை நடுராத்திரி திறக்கும், அதாவது நமக்கு காலை ஒன்பதரை, பத்தரை, இங்க வேலைக்குப் போறவங்க வீடு திரும்பி கம்ப்யூட்டர திறக்குறதுக்குள்ள வரம்பு முடிஞ்சு கதவு மூடியிருக்கும். முன்ன ஒரு மாசம் திறந்திருந்த கதவு.

அப்ப மெஷின் எழுதினத கண்டுபிடிக்கிற டிடெக்டர் சாஃப்ட்வேர் போட்டு அத மட்டும் தள்ள வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அங்கதான் இன்னும் பெரிய அடி. 2023ல ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க டோஃபல்ங்கிற இங்கிலீஷ் பரீட்சைல எழுதின 91 கட்டுரைய ஏழு டிடெக்டர்ல போட்டுப் பாத்தா, சராசரியா பாதிக்கு மேல மெஷின் எழுதினதுன்னு வந்துச்சு. எல்லாம் மனுஷங்க கையால எழுதினது. அமெரிக்காவுல எட்டாங்கிளாஸ் பசங்க எழுதின கட்டுரையப் போட்டா கிட்டத்தட்ட தப்பே வரல. ஏன்னா எளிமையான வார்த்தை, எதிர்பார்க்குற மாதிரி வர்ற வாக்கியம்னா அந்த டிடெக்டருக்கு மெஷின். நாம ஸ்கூல்ல கத்துக்கிட்ட இங்கிலீஷே அதுதானே. ஆக நீங்க அனுப்பி வைக்கிற குப்பையப் பாத்து பயந்து ஒரு பத்திரிகை டிடெக்டர் போட்டா, அதுல முதல்ல மாட்டுறது தமிழ் மீடியத்துல படிச்சு, டிக்ஷனரி வெச்சு வெச்சு இங்கிலீஷ் கத்துக்கிட்டு, சொந்தமா கதை எழுதின ஆளு. இத நான் ஆராய்ச்சிய மட்டும் படிச்சுட்டு சொல்லல. எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சர், லீவு நாள்ல எழுதி எழுதித் திருத்தின கதைய வேற ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாங்க, ஏஐ எழுதின கதை ஏத்துக்க மாட்டோம்னு ஒரு வரில பதில் வந்துச்சு. அவங்க சாட்ஜிபிடிய திறந்து கூட பாத்ததில்ல. நோட்டுல எழுதின மூணு டிராஃப்ட் அவங்க வீட்ல கிடக்கு, அத யாருக்கு போட்டோ எடுத்து அனுப்பி என்னன்னு நிரூபிக்கிறது? அதுக்கப்புறம் அவங்க எழுதல.

உங்க பதில் எனக்குத் தெரியும், வீடியோலயே சொல்லிட்டீங்க. கால்குலேட்டர் வந்தப்ப கூட இப்படித்தான் கத்துனாங்க, ஏஐ ஒரு டூல், டெக்னாலஜிய தடுக்க முடியாதுன்னு. நானும் ஏஐ யூஸ் பண்றவதான், எக்ஸெல் ஃபார்முலா மறந்துட்டா அதுகிட்டதான் கேப்பேன், கிளையண்ட்டுக்கு இங்கிலீஷ் மெயில் கூட சிலசமயம் எழுதி வாங்குவேன். சண்டை அதுக்கில்ல. ஒருத்தர் என் வீட்டுக்கு செருப்பு போட்டு வராதீங்கன்னு வாசல்லயே எழுதி வெச்சிருந்தா, செருப்பு நல்ல கண்டுபிடிப்புங்கன்னு வாதம் பண்ணிக்கிட்டே உள்ள போவீங்களா? பத்திரிகைங்க தங்களோட விதிமுறைப் பக்கத்துல, ஏஐ எழுதினது, ஏஐ கூட சேந்து எழுதினது எதுவும் அனுப்பாதீங்கன்னு தெளிவா போட்டிருக்காங்க.

அது உங்களுக்குத் தெரியாதுன்னும் சொல்ல முடியாது. உங்கள்ல ஒருத்தர் வீடியோல ஒரு பத்திரிகையோட விதிமுறைப் பக்கத்த ஸ்கிரீன்ல காட்டுறாரு. வார்த்தைக்கு எத்தன சென்ட்டுங்குற இடத்துல மவுசால வட்டம் போட்டு வட்டம் போட்டு காட்டுறாரு. அதுக்கு நேர் கீழ தடித்த எழுத்துல அந்த ஏஐ வரி இருக்கு. அங்க வந்ததும் சர்ருனு ஸ்க்ரோல் ஆகி சப்மிட் பட்டன்ல வந்து நிக்கிது. நான் பாஸ் பண்ணி பாத்தேன், ஸ்க்ரோல் ஆகுற அந்த நொடில வரி மங்கலா தெரியுது, ஆனா படிக்க முடியுது. அவர் படிக்காம இல்ல.

இன்னொரு விஷயம், இது ஆபீஸ் புத்தி. கதை தேறுச்சுன்னே வெச்சுக்குவோம், பத்திரிகை ஒரு காண்ட்ராக்ட் அனுப்பும், இது என் சொந்தப் படைப்பு, இதோட உரிமை என்கிட்ட இருக்குன்னு அதுல கையெழுத்து போடணும். மெஷினே முழுசா எழுதினதுக்கு காப்பிரைட் கிடையாதுன்னு அமெரிக்க காப்பிரைட் ஆபீஸ் 2023 மார்ச்லயே சொல்லியாச்சு. அப்ப உங்க ஸ்டூடண்ட் எதுக்கு கையெழுத்து போடுறாரு? பொய் வாக்குமூலத்துக்கு. கோர்ஸ்ல இந்தப் பாடம் எத்தனாவது வீடியோல வருது?

இவ்வளவும் போதாதுன்னு இப்ப புது வீடியோல தமிழ்ப் பத்திரிகைகளோட சிறுகதைப் போட்டி லிஸ்ட்டையும் எடுத்துட்டு வந்துட்டீங்க. தமிழ்ல அறிவியல் புனைவுக்குன்னு இடம் எவ்வளவு கம்மின்னு உங்களுக்குத் தெரியுமா? அரூ மாதிரி கனவுருப்புனைவுக்குன்னே, அதாவது ஃபேன்டஸி, சயின்ஸ் ஃபிக்ஷன் மாதிரி கதைகளுக்குன்னே ஒரு மின்னிதழ் வந்ததே 2018லதான், அவங்க அறிவியல் சிறுகதைப் போட்டி வெச்சு புதுசு புதுசா ஆளுங்கள எழுத வெச்சாங்க. இதெல்லாம் நாலஞ்சு பேர் கைக்காசும் ராத்திரித் தூக்கமும் போட்டு நடத்துறது. அமெரிக்கப் பத்திரிகைக்காவது சாஃப்ட்வேர் எழுதத் தெரிஞ்ச எடிட்டர் இருந்தாரு. இங்க ஒரு போட்டிக்கு ரெண்டாயிரம் மெஷின் கதை வந்து விழுந்தா அடுத்த வருஷம் போட்டியே இருக்காது.

அதனால நான் உங்ககிட்ட கேக்குறது இதுதான்.

அந்த வீடியோக்கள எடுத்துருங்க. வியூஸ் போயிரும்னு மனசு வரலன்னா, தலைப்ப மாத்தி, ஏஐ கதைய இந்தப் பத்திரிகைங்க வாங்காது, அனுப்புனா நிரந்தரமா தடை விழும்னு முதல் கமெண்ட்ல தமிழ்ல எழுதி பின் பண்ணுங்க, டிஸ்கிரிப்ஷன்ல யாரும் பாக்காத மூலையில வேணாம். பேன் ஆனா புது ஐடில அனுப்புங்க, விபிஎன் போடுங்கன்னு நீங்க போட்ட பதில் ஒவ்வொண்ணையும் தேடிப் பிடிச்சு அழிங்க, இது மத்த எல்லாத்தையும் விட அவசரம். இன்னைக்கே செய்ய முடியும், பத்து நிமிஷம் ஆகாது.

கோர்ஸ் வித்தவங்க காச திருப்பிக் குடுங்க. கேட்டு வந்தவங்களுக்கு மட்டும்னு இல்ல, வாங்கின எல்லாருக்கும் மெயில் போட்டு குடுங்க, அவங்க மெயில் ஐடியெல்லாம் உங்ககிட்ட இருக்குங்கிறது எனக்கும் தெரியும். அந்த மெயில்லயே, எந்தெந்தப் பத்திரிகைல பேன் ஆகியிருக்கோ அந்த எடிட்டருக்கு அவங்க பேர்லயே நேரா ஒரு மெயில் எழுதி, தெரியாம அனுப்பிட்டேன், இனி சொந்தமா எழுதினது மட்டும்தான் அனுப்புவேன், தடைய எடுத்துருங்கன்னு கேக்கச் சொல்லுங்க. எல்லா எடிட்டரும் ஒத்துக்குவாங்கன்னு உத்தரவாதம் தர முடியாது, எங்க பத்திரிகைல நான் எடுத்துச் சொல்றேன், அது என் பொறுப்பு.

தமிழ்ப் போட்டி லிஸ்ட் இருக்கிற வீடியோவ உடனே தூக்குங்க. இதுல பேரம் கிடையாது.

கதை எழுதி சம்பாதிக்கிறதப் பத்தி வீடியோ போட்டே ஆகணும்னா தாராளமா போடுங்க, கதை எழுதுறது எப்படி, ஸ்லஷ்னா என்ன, ரிஜெக்ஷன் வந்தா என்ன பண்ணணும், காண்ட்ராக்ட்ல எந்த வரிய பாக்கணும், வெளிநாட்டுலருந்து வர்ற பணத்துக்கு டாக்ஸ் எப்படிக் கட்டணும்னு. கூப்பிட்டா நானே வந்து பேசுறேன், காசு வேணாம். வியூஸ் கம்மியாத்தான் வரும்.

இந்த மடலுக்கு பதில் வீடியோ போடுறதா இருந்தாலும் போடுங்க, என்னையத் திட்டுறதா இருந்தாலும் திட்டுங்க. ஆனா அதுக்கு முன்னாடி, நீங்க ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போன அந்தத் தடித்த எழுத்து வரிய ஸ்கிரீன்ல நிறுத்தி, முழுசா, தமிழ்ல ஒரு தடவ வாசிச்சுக் காட்டிட்டு ஆரம்பிங்க.